தரையில் போட்டுப் படித்தவர்

சுனாமிக்கு அடுத்த வருஷம், தேவனாம்பட்டினத்துக்கு வந்த புதுப் படகு என்ஜின்களுக்குத் தமிழில் செய்முறைப் புத்தகம் எழுதினேன். பக்கம் அமைத்துக் கொடுத்தவர் சிதம்பரத்தில் ஒரு டிடிபி சென்டர் அம்மா. மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பேர் கேட்டதில்லை, மேடம்தான்.

ஒவ்வொரு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துத் தரையில் போடுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே படிப்பார். குனிய வேண்டியிருந்தால் அந்தப் பக்கம் ஃபெயில். உடனே பேஜ்மேக்கரில் எழுத்தைப் பெரிசாக்குவார். படத்தை அந்த வரிக்குப் பக்கத்திலேயே இழுத்து வைப்பார். நாற்பது பக்கம் எண்பதானது. எனக்குப் பொறுக்கவில்லை.

"புத்தகத்தக் கையில வச்சிதான மேடம் படிப்பாங்க?"

"கையில ஸ்பேனர் இருக்குமே சார். அவுங்களுக்கு மூணாவது கை ஏது?"

எண்பது பக்கத்துக்காக மேலதிகாரியிடம் திட்டு வாங்கியது நான்.

அச்சானதும் கரையில் சோதனை. அந்த என்ஜினைத் தொட்டே பார்க்காத ஒரு மீனவர். யாரும் சொல்லித் தரக்கூடாது. அவர் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படகுப் பலகையில் விரித்துப் போட்டு, காற்றில் புரளாதபடி ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டார். நின்றபடியே படித்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே என்ஜின் உறுமியது. கரை முழுக்க விசில்!

அங்கிருந்தே போன் போட்டுக் கத்தினேன்: "ஒரே இழுப்பு, மேடம்!"

"குனிஞ்சாரா?"

"இல்ல."

"அப்பச் சரி" என்று வைத்துவிட்டார்.

படகிலேயே ஏறாத மேடம், பக்கத்தை மிதித்து நின்ற அந்தக் காலை முன்னாடியே எங்கே பார்த்தார்?