பெரிய மாமா பிடுங்கிய இலை

என் மாமாக்கள் நடத்திய ஹோட்டலுக்குச் சாமி பெயர் ஒன்று உண்டு. காஞ்சிபுரத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. 'பச்சை போர்டு' என்றால்தான் தெரியும். வாலாஜாபாத், அரக்கோணம், செங்கல்பட்டு என்று இன்னும் சில ஊர்களிலும் அதே பச்சை போர்டு இருந்தது. ஏனாத்தூர் பக்கம் ஒரே சமையல்கூடம். சாம்பாரும் சட்னியும் அங்கிருந்து வேனில் எல்லாக் கடைகளுக்கும் போகும். எந்த ஊரில் சாப்பிட்டாலும் ஒரே ருசி என்பதில் பெரிய மாமாவுக்குத் தனிப் பெருமை. யாராவது பாதித் தோசையை மிச்சம் வைத்தால் போதும், "என்னா சார், நல்லால்லியா?" என்று கல்லாவைவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

எனக்கு ஏழு வயது. கருட சேவை பார்த்துவிட்டு வந்த கூட்டம் கடையில் நிரம்பி வழிந்தது. பெரிய மாமா தன் கையாலேயே என் இலையில் பொங்கலும் வடையும் வைத்து, கேட்காமலே சட்னியும் ஊற்றினார். அப்போது அவருடைய செல்போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர், "எத்தினி பேரு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நொடி என் இலை தரையில் கிடந்தது. அவருடைய விரல் என் வாய்க்குள் இருந்தது.

"துப்பு பாப்பா! துப்பு!"

வடையை விரலாலேயே தோண்டி எடுத்தார். மூச்சு முட்டி நான் அலறினேன். "புள்ளய ஏண்ணா இப்படிப் பண்ற?" என்று அம்மா அவர் கையைப் பிடித்தாள். அதற்குள் அவர் பக்கத்து மேசைக்குப் போய்விட்டார். ஒரு கிழவர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிவிட்டார். சாப்பிடுகிற மனிதர்களின் முன்னாலிருந்து இலையை இழுப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. அதுவும் அவர்!

சின்ன மாமா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "அண்ணா, கத்தாத. சட்னிய மட்டும் நிறுத்திக்கலாம்பா. ஜனங்க சாப்ட்டுக்கினு இருக்குது."

"சாப்ட்டுக்கினு இருக்குதேன்னுதான்டா கத்தறேன்!"

பெரிய மாமா நாற்காலி மேல் ஏறினார். "யாரும் சாப்டாதீங்க! சட்னி கெட்டுப்போச்சு! வாலாஜாபாத்ல சாப்ட்டவங்க வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில கெடக்குறாங்க. எல்லா ஊருக்கும் ஒரே சட்னிதான்!"

நாற்காலிகள் சாய்ந்தன. யாரோ மாமாவின் சட்டையைப் பிடித்தார்கள். அவர் விலக்கவில்லை. அம்மா என் கையை விட்டுவிட்டு, அழுதுகொண்டே இலைகளை அள்ள ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் எங்கள் கடைப் பேச்சை எடுத்தாலே ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் பச்சை போர்டு ஒவ்வோர் ஊராக இறங்கியது. காஞ்சிபுரம் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

அன்று சாயங்காலம் மூடிய ஷட்டருக்கு முன்னால் பெரிய மாமா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கிழிந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "காலைல இங்க சாப்ட்டீங்களா? ஒடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிலர் திட்டிவிட்டுப் போனார்கள். என்னைப் பார்த்ததும், "வயிறு வலிக்குதாம்மா?" என்று கையை நீட்டினார். நான் பயந்து அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டேன்.

சின்ன மாமாதான் என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தார். என் இரண்டு மாமாக்களில் யார் நல்லவர் என்பதில் அன்றைக்கு எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.