மூன்றாவது தடவைக்கு ஒரு ஜெபக்குறிப்பு

ஒரு மடிக்கணினியை ஒலிவ எண்ணெய் ஊற்றிக் கொன்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வேறு யாராவது எழுந்து சொல்வதைவிட நானே சொல்வது மரியாதை.

எங்கள் சபையில் புதிதாக எது வாங்கினாலும் போதகர் எண்ணெய் தொட்டு ஜெபிப்பார். வீட்டு வாசலுக்கு, காருக்கு, தையல் மெசினுக்கு. விரல் நுனியில் ஒரு பொட்டளவு, அவ்வளவுதான். அந்த வாரம் அவர் ஊரில் இல்லை. விசுவாசம் நிறையவும் அளவு தெரியாமலும் இருந்த நான் போத்தலைத் திறந்து விசைப்பலகையின்மேல் சரித்தேன். இணையப் பாதுகாப்பில் இளமாணிப் பட்டம் படிப்பதற்காக வாங்கிய கணினி அது. கணினிகளை எதிரிகளிடமிருந்து காப்பது எப்படி என்று கற்கப் போனவன், வகுப்புத் தொடங்குமுன்பே முதல் எதிரியானேன்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நெடுங்காலமாக வேலை. பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பிரின்டரில் சிக்கிய தாளை இழுப்பேன். கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதிதாக ஒன்று கொடுப்பேன். அதை அவர்கள் மஞ்சள் துண்டில் எழுதித் திரையிலேயே ஒட்டுவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். நிறுவனம் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது மேலாளர் சொன்னார்: "பட்டம் ஒன்று இருந்தால் உனக்கும் அங்கே இடம் உண்டு." அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சியை முடித்துச் சில வருடங்கள் வேலை செய்தவர்களை இங்குள்ள தொழில்சார் உயர்கல்லூரிகள் எடுத்துக்கொள்ளும். விண்ணப்பித்தேன். எடுத்தார்கள்.

கனடாவிலிருந்து மச்சான் தொலைபேசியில் சிரித்தான். "அத்தான், உந்த வயசில உதைப் படிச்சு எதைப் பாதுகாக்கப் போறியள்? பென்சனையோ?"

"உன்ர வாயிலயிருந்து என்ர காதை," என்றேன். வீராப்பாகத்தான் சொன்னேன். ஆனால் இரண்டாம் தவணையில் கிரிப்டோகிராஃபி வந்தது. செய்தியை மற்றவன் வாசிக்க முடியாதபடி மறைத்து வைக்கும் கணிதம் அது. என்னிடமிருந்தும் மறைத்தே வைத்தது. முதல் தடவை தோற்றேன். குறிப்புகள் எல்லாம் எண்ணெய்க் கணினியோடு போய்விட்டன என்று எல்லோருக்கும் சொன்னேன். வகுப்புக்கு முன்பே செத்த கணினியில் குறிப்பு ஏது என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் தோற்றேன். இந்த முறை சொல்வதற்கு எண்ணெய்கூட இல்லை.

இந்த நாட்டுச் சட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பாடத்தை மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவதிலும் தவறினால் கல்லூரி உங்களை வெளியே அனுப்பும். அது மட்டுமல்ல, அதே படிப்பை ஜேர்மனியில் வேறெங்கும் தொடர முடியாது. கதவு நிரந்தரமாக மூடிவிடும்.

ஆலோசனை அலுவலகத்தில் ஒரு டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி மிகவும் நல்லவர். அதுதான் இன்னும் வலித்தது. "மூன்றாவதை எழுதுமுன் நீங்களாக விலகிவிடுங்கள். தோல்வி பதியாது. உங்கள் சூழ்நிலையில் அதுதான் புத்திசாலித்தனம்," என்றார். வயதைத்தான் சொன்னார். இங்கே வயதை மரியாதையாகச் சூழ்நிலை என்பார்கள்.

வெளியே வந்து டிராம் தரிப்பிடத்தில் நின்றேன். மழை. நான் ஏற வேண்டிய டிராம் வந்து போனது, அடுத்ததும் வந்து போனது. எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தெட்டு வயதில் பொது இடத்தில் அழுவதற்கு மழை நல்ல வசதி. அப்போது ஜெபித்தேன். அழகான ஜெபம் அல்ல. சண்டை. "ஆண்டவரே, இந்தக் கதவை மூட வேண்டுமென்றால் நீர் மூடும். உமக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. நானாக மூடமாட்டேன். புத்திசாலித்தனமாகவும் மூடமாட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "முடியுமானால் அன்றைக்குப் பேராசிரியருக்குக் காய்ச்சல் வரட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி சுகந்தி கேட்டாள். "என்னவாம்?"

"விலகச் சொல்லுகினம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஏலாது எண்டன்."

"உங்களுக்கு விசர்," என்றாள். பிறகு சாப்பாட்டைச் சூடாக்கப் போனாள். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

வெள்ளி மாலைகளில் நாங்கள் ஜெபத்துக்குக் கூடுவோம். ஜேர்மன் சபையொன்றின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஜெபம் முடிந்ததும் பின்மேசையில் தேநீரும், இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த சூடான றோல்ஸும் இருக்கும். ஜெபத்தை நடத்துவது ராணி அக்கா. முதியோர் விடுதிச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. குறிப்பு துலக்கமாக இல்லாவிட்டால் அவர் கண்ணை மூடமாட்டார். "எனக்காக ஜெபியுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரிடமிருந்து யாரும் தப்ப முடியாது. எந்த முழங்கால், எந்தப் பக்கம், மருத்துவர் என்ன சொன்னார், எல்லாம் வேண்டும்.

நான் எழுந்து, "பரீட்சை ஒண்டு இருக்கு, கடைசித் தடவை, ஜெபியுங்கோ," என்றேன்.

"என்ன பரீட்சை, தம்பி?"

"கிரிப்டோகிராஃபி, அக்கா."

"அப்பிடியெண்டா?"

"அது கணக்கு, அக்கா. விளங்கப்படுத்த ஏலாது."

"ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தெரியாதெல்லோ. தெரியாத விசயத்துக்கு நான் எப்பிடி ஆமென் சொல்லுறது? இருந்து விளங்கப்படுத்தும்."

நின்றபடியே விளங்கப்படுத்தினேன். என்னிடம் நிறையப் பூட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பூட்டுகள். எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுக்கிறேன். எனக்கு இரகசியம் அனுப்ப விரும்புகிறவர் பெட்டியில் வைத்து என் பூட்டைப் போட்டு அமத்திவிட்டு அனுப்பலாம். திறப்பு, அதாவது சாவி, என்னிடம் மட்டும்தான்.

"அப்ப கள்ளனும் ஒரு பூட்டு வாங்குவானே?"

"வாங்கட்டும் அக்கா. அவனுக்குப் பூட்டத்தான் ஏலும்."

"பூட்டைக் கழட்டிப் பாத்துத் திறப்புச் செய்யமாட்டானோ?"

"செய்ய ஏலாது, அக்கா."

"ஏன் ஏலாது?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு பரீட்சை எழுதியவன், புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கக்கூடியவன், ஏன் ஏலாது என்று தெரியாமல் நின்றேன். "அடுத்த வெள்ளி சொல்லுறன்," என்று உட்கார்ந்தேன். "அப்ப அடுத்த வெள்ளி ஜெபிப்பம்," என்றார் அக்கா. என்னைத் தாண்டி அடுத்தவரின் முழங்காலுக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம். ஜெபம் கேட்கப் போன இடத்திலும் பெயிலா? அந்தக் கோபத்தில் ஒரு வாரம் புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன். பேராசிரியருக்காகப் படித்தபோது எழுத்துகள் தெரிந்தன. ராணி அக்காவுக்காகப் படித்தபோது விசயம் தெரிந்தது.

அடுத்த வெள்ளி சொன்னேன். "அக்கா, இரண்டு பெரிய எண்களைப் பெருக்கிறது லேசு. பெருக்கி வந்த எண்ணை மட்டும் காட்டி, எந்த இரண்டைப் பெருக்கினது எண்டு கேட்டால் கணினிக்கே ஏலாது. உங்கட கறித்தூள் மாதிரி. வறுத்து அரைச்ச பிறகு மல்லி வேறை, மிளகாய் வேறை எண்டு பிரிக்க ஏலுமோ?"

"பிரிக்கத் தேவையில்லையே. உம்மட சுகந்தி மணந்து பாத்தே எது எவ்வளவு எண்டு சொல்லிப்போடுவாள்."

பின்வரிசையிலிருந்து சுகந்தி, "ஓம் அக்கா, போனமுறைத் தூளில பெருஞ்சீரகம் கூடத்தான்."

"கூட இல்லை. உங்கட வீட்டில குறைவு."

ஜெபக்கூட்டம் சிறிது நேரம் பெருஞ்சீரகக் கூட்டமானது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். பிரிக்க முடியாது, ஆனால் மணம் காட்டிக்கொடுக்கும். புத்தகத்தின் பின்பகுதியில் நான் விளங்காமல் கடந்துபோன அத்தியாயம் ஒன்று முழுவதும் இதைப் பற்றித்தான் இருந்தது. அதற்கடுத்த வெள்ளி, பூட்டு, தூள், மணம் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு தாளையும் பார்க்காமல் முதலிலிருந்து சொல்லி முடித்தேன்.

ராணி அக்கா பின்மேசைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "சரி, ஜெபிப்பம்," என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அக்காவுக்கு விளங்கிவிட்டது என்றால் பேராசிரியர் எம்மாத்திரம்?

மூன்றாவது தடவை எங்கள் கல்லூரியில் வாய்மொழிப் பரீட்சை. பேராசிரியருக்குக் காய்ச்சல் இல்லை. மிகவும் நலமாக இருந்தார். பக்கத்தில் இன்னொருவர் குறிப்பெடுக்க இருந்தார். ஒரு கணக்குத் தந்தார்கள், நடுவில் பிழை விட்டேன். அதன்பிறகு அவர் கேட்டார்: "எல்லோருக்கும் கொடுத்த திறந்த பகுதியிலிருந்து இரகசியத் திறப்பை ஏன் கண்டுபிடிக்க முடியாது?"

ராணி அக்காவின் அதே கேள்வி. பெருக்கலைச் சொன்னேன், கறித்தூளையும் சொன்னேன்.

"அப்படியானால் இந்த முறை முற்றிலும் பாதுகாப்பானதா?"

"இல்லை. மூக்குள்ளவர்கள் இருக்கிறார்கள்," என்றேன். கணினி கணக்குச் செய்யும்போது எடுக்கும் நேரமும் இழுக்கும் மின்சாரமும் அதன் மணம். வெளியே நின்று அதை அளப்பவன் பெட்டியைத் தொடாமலே திறப்பை ஊகிக்கலாம் என்று விளக்கினேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த உதாரணம் எந்தப் புத்தகத்தில்?"

"புத்தகம் இல்லை. என் சபையில் இரண்டு பெண்கள் சண்டை பிடித்தார்கள்."

வெளியே நிற்கச் சொன்னார்கள். பிறகு கூப்பிட்டார்கள். இந்த நாட்டில் ஒன்று மிகச் சிறந்த புள்ளி, ஐந்து தோல்வி. எனக்கு நான்கு, தேறியவர்களில் கடைசிப் படி. அந்தப் படியில் நான் ராஜாவைப் போல நின்றேன்.

கெட்டிக்காரர்கள் கேட்பார்கள்: விளக்கிச் சொல்லிப் படித்தாய், விளங்கியது, இதில் கடவுள் எங்கே வந்தார்? வாருங்கள், சொல்கிறேன். நான் கேட்டது பேராசிரியருக்குக் காய்ச்சல். கிடைத்தது ராணி அக்கா. தெரிவு என் கையில் இருந்திருந்தால் காய்ச்சலைத்தான் எடுத்திருப்பேன். அதனால்தான் இது என் கெட்டித்தனம் இல்லை என்று அடித்துச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். எனக்கு அது பழக்கம்.

இப்போதெல்லாம் நான் வழவழவென்று ஜெபிப்பதில்லை. எனக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும், எனக்கு எது விளங்கவில்லை என்பதை முதலில் சொல்லப் பழகியிருக்கிறேன். உங்களிலும் யாருக்காவது, நீங்களாக விலகிவிடுங்கள் என்று நல்ல மனிதர் ஒருவர் நல்ல குரலில் சொல்லியிருக்கலாம். விலகாதேயுங்கள். உங்கள் கதவை நீங்களே மூடாதேயுங்கள். கேளுங்கள், துலக்கமாகக் கேளுங்கள். நீங்கள் கேட்காத உருவத்தில் உதவி வந்தால் கோபிக்காமல் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். ஆண்டவருக்கு நன்றி. என் மனைவிக்கும் அவளுடைய மூக்குக்கும் நன்றி.

போன வெள்ளி இந்தச் சாட்சியைச் சபையில் சொன்னேன். பலர் கண்ணைத் துடைத்தார்கள். முடிந்தபின் ராணி அக்கா வந்து என் கையைப் பிடித்தார்.

"சாட்சி நல்லம், தம்பி. ஆனா உந்தப் பூட்டுக் கதை எனக்கு அண்டைக்கும் விளங்கேல்லை, இண்டைக்கும் விளங்கேல்லை. றோல்ஸ் ஆறுது எண்டுதான் 'சரி, ஜெபிப்பம்' எண்டனான்."