சீகிரியா போகும் வழியில் மூன்று வீடுகள்

அக்கா அந்த வெள்ளைக் கென்வஸ் சப்பாத்தைக் காலில் போடாமல், கையில் தூக்கிக்கொண்டுதான் வேனடிக்கு வந்தாள். தெல்தோட்டையில் இரவெல்லாம் பெய்த மழையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலிலிருந்து ரோடு வரைக்கும் ஒரே சேறு. வெறுங்காலோடு நடந்து வந்து, வேன் படியில் உட்கார்ந்து, போத்தல் தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, பிறகுதான் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள். வேன் ஓட்டிய உங்கள் மாமா, அம்மாவின் தம்பி, சும்மா இருப்பாரா? "நாள் பூரா மலையில கொழுந்து எடுத்த காலு, ஒரு கல்லுல ஏறச் சப்பாத்துக் கேக்குதா அக்கா?" என்று கேலி பண்ணினார். "கொழுந்து எடுக்கப் போனது வேலைக்கு. இது பாக்கப் போறது" என்றாள் அக்கா. நான் ரோட்டில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிக்கிடும் முன்பே எனக்குப் படபடப்புத் தொடங்கிவிட்டது.

பிள்ளைகளே, உங்கள் அத்தையைத்தான் சொல்கிறேன். அப்போது நீங்கள் மடியில் வைத்துக்கொள்ளும் வயது, அதனால் ஞாபகம் இருக்காது. அத்தை அரபு நாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்தாள். அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு கலண்டர் மாட்டியிருந்ததாம். அதில் ஒரு மாதத்துக்கு நம் சீகிரியா மலைக்கல்லின் படம். அந்த வீட்டுச் சின்ன மகள் அதைப் பார்த்துவிட்டு, இது உன் நாடுதானே, இந்தக் கல்லுக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. மாதம் முடிந்து தாளைத் திருப்பிய பிறகும் அந்தப் பிள்ளை விடவில்லையாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கடைசியில், "என் நாடு என் நாடுன்னு அங்க சொல்லிக்கிறேன்டா தம்பி. நான் பாத்தது தோட்டமும் ஏர்போட்டுந்தான்" என்றாள். அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது. லீவு முடிய இருந்தது. அவள் திரும்பிப் போவதற்கு முன்னால் அந்தக் கல்லின் உச்சியில் அவளை நிறுத்திவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

எனக்குப் படிப்புக் குறைவு. கண்டி டவுனில் ஹாட்வெயார் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஆள். ஆனால் நேரக் கணக்கில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று அப்போது எண்ணம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் எப்போது வாகனம் அடைக்கும், மாத்தளைக் கடைத்தெருவைத் தாண்ட எவ்வளவு இழுக்கும், வளைவுகளில் நீங்கள் வாந்தி எடுத்தால் எங்கே நிறுத்தலாம், எல்லாவற்றையும் மனதில் போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று விசாரித்தும் வைத்திருந்தேன். வெயில் தணியும்போது ஏறத் தொடங்கினால் நிதானமாக ஏறி இறங்கலாம். நாலந்தைப் பக்கம் ரோட்டோரம் மர நிழலில் கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிடலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

இடைஞ்சல், அக்காவின் பெரிய பேக்கில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவள் சொந்தக்காரர்களுக்குக் கொண்டுவந்த சோப்பு, துவாய், தைலம், பால்மா, சொக்லேட். நாங்கள் போகிற ரோட்டிலேயே மூன்று வீடு. கண்டி மகியாவையில் சித்தப்பா, அலவத்துகொடையில் அக்காவின் கூட்டாளி, மாத்தளையில் பெரியம்மா. முதலில் கல்லைப் பார்ப்போம், திரும்பி வரும்போது சாமானைக் கொடுப்போம் என்று நான் சொன்னேன். அக்கா பயந்தே போனாள். "வாசலத் தாண்டிப் போயி கல்லப் பாத்துட்டு, மிச்ச நேரத்துல அவங்களப் பாக்கப் போறதா? காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்கடா!" நம் ஆட்களில் அது உண்மைதான். கல்யாணத்துக்கு வராவிட்டால்கூட மன்னிப்பார்கள். வீட்டு வாசலைத் தாண்டி வேறிடம் போனதை மன்னிக்க மாட்டார்கள். சரி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஒதுக்கினேன். தேத்தண்ணி எவ்வளவு சூடாக வரும் என்பதை நான் யோசிக்கவில்லை.

சித்தப்பா வீட்டில் தேத்தண்ணி வந்தது. கூடவே பாணும் சம்பலும் வந்தது. அதற்கு மேல் சித்தப்பாவின் பேச்சு வந்தது. துவாயை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, அந்த நாட்டில் வெயில் எப்படி, சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்களா, அடிக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே பதில் சொன்னாள். நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். "என்னடா, கதிரையில முள்ளா இருக்கு?" என்று சித்தப்பா கேட்டார். சிரிப்பு அடங்கி வெளியே வரும்போது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் பஸ்கள் ரோட்டை நிறைத்துவிட்டன. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நான் பயந்த அடைப்பு அப்படியே இருந்தது. மகாவலி கீழே அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் ஏறியது.

அலவத்துகொடையில் இருந்த கூட்டாளி, அக்காவோடு அரபு நாட்டில் அதே ஊரில், அடுத்த கட்டடத்தில் வேலை செய்த பெண். முஸ்லிம் வீடு. அங்கே மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவையும் அப்படியே. கூட்டாளி இடுப்பு வலியோடு பாதியில் திரும்பி வந்து கட்டிலோடு இருந்தார். நாங்கள் உள்ளே போனதும் தலையணையைச் சாய்த்து எழும்பப் பார்த்து, "அல்லாஹ்வே, தாத்தா வந்துட்டாங்க! இரிங்கோ, இரிங்கோ. திண்ணாமப் போகேலா" என்றார். அக்கா தைலப் போத்தலைத் திறந்து அவர் இடுப்பில் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் தங்கள் எஜமானிகள் நடப்பது, கத்துவது எல்லாம் செய்து காட்டிச் சிரித்த சிரிப்பு முற்றம் வரைக்கும் கேட்டது. அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வெளியே வேனில் சாய்ந்து நின்ற உங்கள் மாமா சொன்னார்: "மச்சான், ஒங்க பிளான்ல ரோடு மட்டுந்தான் இருக்கு. ஆளுங்க இல்ல." எனக்குக் கோபம் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, "அக்கா, நேரமாச்சு" என்றேன். கூட்டாளி என்னைப் பார்த்து, "தம்பி, அந்தக் கல்லு எத்தனையோ காலமா ஈக்கிது. எங்கட தாத்தா நாளையண்டைக்கு ப்ளைட் ஏறப் போறாங்க. எது ஓடிப் போகப் போகுது?" என்றார். ஆனாலும் நான் மணி பார்ப்பதை நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் மாத்தளை வரை நல்ல ரோடு, அழகான ரோடு. கொக்கோ மரங்களும் மிளகுக் கொடிகளும் இரண்டு பக்கமும் வந்து கொண்டேயிருந்தன. உங்கள் அம்மா ஜன்னலைத் திறந்து உங்களுக்குக் காட்டிக்கொண்டு வந்தாள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. முன்னால் போன லொறியின் பின்பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன்.

பெரியம்மா வீட்டில் கோழி அடித்துச் சமைத்திருந்தார்கள். வாசலிலேயே வாசனை வந்தது. பெரியம்மா அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், "போன தடவ வந்தப்ப எட்டிப் பாக்காமப் போன. இந்தத் தடவ விடமாட்டேன்" என்றார். நான் அக்காவின் காதில், "ஒரு வாய் சாப்பிட்டுக் கிளம்புவோம், இல்லாட்டி கேட்டச் சாத்திருவாங்க" என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குத் தெரிகிறது. அவளுக்கும் அவசரம் இருந்தது. சப்பாத்து போட்ட கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனால் பெரியம்மா இன்னொரு அகப்பைச் சோறு போட்டபோது, இலையை மூட அவளுக்குக் கை வரவில்லை. எல்லா வீட்டிலும் அவள் போதும் என்று சொல்லப் பழகாதவள். வேலை செய்யும் இடத்திலும் அப்படித்தானோ என்று அப்போதுதான் முதல்முதலாக எனக்கு மனம் பதறியது.

சீகிரியாவில் நாங்கள் இறங்கியபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. கல் நின்றது. படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக, ஒரு ராசா எப்படி அதன் தலையில் கோட்டை கட்டினானோ என்று நினைக்க வைப்பதாக. டிக்கெட் ஜன்னல் சாத்தியிருந்தது. காவலுக்கு நின்றவர் நல்ல மனிதர். "இனி ஏலாது அக்கா, நாளைக்கு வாங்க" என்று சிங்களத்தில் சொன்னார். நாளைக்கு அக்கா கொழும்புக்கு இறங்க வேண்டும். அதை நான் அவருக்கு விளக்கப் போனேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அவரு என்ன செய்வாரு, விடு" என்றாள்.

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஏறினவர்கள் இறங்கி வரும் பாதை வேறு பக்கத்தால் வந்து, வாகனங்கள் நிற்கிற இடத்தில் முடியும். அக்கா அங்கே போய் நின்றுகொண்டாள். வியர்த்துக் களைத்து வருகிறவர்களை மறித்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், மேலே என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினாள். ஒரு பெடியன், "ஒன்றுமில்லை அக்கா, செங்கல் அத்திவாரம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு வயதான அம்மா, காற்று, காற்று என்று கையை விரித்துக் காட்டினார். யாழ்ப்பாணப் பக்கத்து டீச்சர் போல இருந்த ஒருவர் நின்று தமிழிலேயே பதில் சொன்னார்: "ஓம் அக்கா, மேல ஒரு குளம் இருக்கு. கல்லை வெட்டிக் கட்டினது. அவ்வளவு உயரத்திலயும் தண்ணி நிக்குது பாருங்கோ." அவரோடு வந்த சிறுமி, "குரங்கு என்ர பிஸ்கட்டைப் பறிச்சிட்டுது" என்று சேர்த்துச் சொன்னாள். அக்கா குனிந்து, "பெரிய குரங்கா?" என்று அதையும் விவரமாகக் கேட்டுக்கொண்டாள்.

எனக்குச் சமாதானமாக இருந்தது. கலண்டரைப் பார்த்துக் கேட்ட அந்தப் பிள்ளைக்குச் சொல்ல விஷயம் கிடைத்துவிட்டதே. திரும்பும்போது வேனில் அதைச் சொன்னேன். அக்கா குனிந்து சப்பாத்தைக் கழற்றிக் காலடியில் வைத்தாள். பிறகு, "அது அவங்க பாத்ததுடா. நான் பாக்கலையே" என்றாள். அரபு நாட்டுக்குத் திரும்பிப் போன பிறகு அந்தப் பிள்ளையிடம், கேட்டைச் சாத்திவிட்டார்கள், நான் இன்னும் பார்க்கவில்லை என்றுதான் சொன்னாளாம். அந்தப் பிள்ளை இப்போது பெரிய படிப்புப் படிக்கிறது. பேசும்போதெல்லாம், ஏறியாகிவிட்டதா என்று இன்னும் கேட்கிறதாம். இடையில் வந்த லீவுகள் ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு என்று போய்விட்டன.

அடுத்த மாதம் அத்தை வருகிறாள். இனித் திரும்பிப் போகமாட்டாள். முழங்கால் தேய்ந்துவிட்டது, படி ஏறுவதானால் தள்ளிப் போட வேண்டாம் என்று அங்கத்து டொக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் நான் இப்போதே ஒரு இடத்தில் உட்கார முடியாமல் திரிகிறேன். நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்த முறை கல்தான் முதல், வீடெல்லாம் திரும்பும்போது. போன கிழமை அதைப் போனில் சொன்னேன்.

"பெரியம்மா கோவிச்சுக்கும்டா" என்றாள் அக்கா.

"என்னையக் கோவிச்சுக்கட்டும். தம்பிதான் வேன நிப்பாட்டலன்னு சொல்லு."

பெரியம்மா பக்கத்து அறையில் படுத்திருப்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு அக்கா சொன்னாள்: "அப்ப இருட்டோட மாத்தளயத் தாண்டிரணும். ஒன் மச்சினன்கிட்டச் சொல்லி வை, அந்த வீட்டு வளைவுல ஹோன் அடிக்க வேணாம்னு. சத்தம் கேட்டா பெரியம்மா எந்திரிச்சு வெளிய வந்துரும்."