இரண்டு விரலுக்கு ஒரு மோதிரம்

பிபிநூருக்கு இந்தப் பைத்தியம் பிடித்த இடம் ஓர் எக்ஸ்ரே அறை. அல்மாட்டியில் மலைப்பக்கமாக ஏறிப்போகும் தெரு ஒன்றில் இருக்கிற மருத்துவமனையில் அவள் இருபத்தாறு வருடமாகப் படம் எடுக்கிறாள். "உடம்புல உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, கழட்டி இந்தத் தட்டுல வைங்க" என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் நோயாளியைப் பார்ப்பார்கள். பிபிநூர் தட்டைப் பார்ப்பாள்.

வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், விலா எலும்பு உடைந்த ஒரு ரயில்வேக்காரர் தன் பாக்கெட் கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தார். பீங்கான் முகப்பு, அதில் மயிரிழை போன்ற நீல முட்கள். அது ஓடிய ஓட்டத்தில் தகரத் தட்டே அதிர்ந்தது. பிபிநூர் அதைக் கையில் எடுத்தாள், காதில் வைத்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னியே, இனிமே விடலாமா?" என்று உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

விலா கூடுவதற்குள் அந்தக் கடிகாரம் அவள் கைக்கு வந்துவிட்டது. அதற்கு எத்தனை டப்பா தேனும் எத்தனை கிலோ குதிரைக்கறியும் போயிற்று என்பது அவளுக்கும் ரயில்வேக்காரருக்கும்தான் தெரியும்.

அதன்பிறகு அவள் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழம்பொருள்காரர்கள் தரையில் துணி விரித்து உட்காரும் இடத்துக்கு ஊரே தூங்கும்போது போய்ச்சேர்வாள். கணவர் கராகந்தாவுக்கு மாற்றலாகிப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார் என்ற செய்தி வந்த வாரம்கூட, அவள் அழுதுகொண்டே போய், அழுதுகொண்டே பேரம் பேசி, உள்ளே இயந்திரத்தில் பதினேழு கல் வைத்த பெண்கள் கைக்கடிகாரம் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி வந்தாள். விற்றவன் பயந்துபோய்க் கொடுத்துவிட்டானாம். ஐம்பத்தொன்பது வயதில் அவளிடம் முப்பத்தொரு கடிகாரங்களும், காப்பு, ஆரம், தொங்கட்டான் என்று எண்பதுக்குக் குறையாத வெள்ளி நகைகளும் இருந்தன. எல்லாம் பஞ்சு மெத்தையில், இழுப்பறைகளில். தொடுவதற்கு வெள்ளைக் கையுறை. போட்டுக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

"நம்ம வீட்டுல சர்க்கரை எங்க இருக்குன்னு கேட்டா உனக்குத் தெரியாது அபா. துர்க்மென் காப்பு எந்த இழுப்பறைன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவே" என்பான் மகன் சயான்; அம்மாவை அவன் அபா என்றுதான் கூப்பிடுவான். முப்பத்துநான்கு வயது, மெட்ரோ ரயில் ஓட்டுகிறான், கல்யாணமாகவில்லை.

"சர்க்கரை கடையில கிடைக்கும்டா" என்பாள் பிபிநூர்.

அவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. சம்பந்தி மோதிரம். பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போடுவது. இரண்டு விரலைச் சேர்த்து மாட்டுகிற மாதிரி ஒரே அகல முகப்பு, கீழே இரண்டு வளையம். இரண்டு குடும்பம் இனி ஒன்று என்று அர்த்தம். புதிதாகச் செய்து புகைபிடித்துக் கறுப்பாக்கிய போலிகள் சந்தையில் கூடை கூடையாகக் கிடைக்கும். உண்மையான பழையது வீட்டை விட்டு வெளியே வராது. வந்தாலும் ஒரு சம்பந்தி கையிலிருந்து இன்னொரு சம்பந்தி கைக்குத்தான் போகும்.

செப்டம்பரில் ஒரு நாள் ரிஃப்கத் தொலைபேசியில் கூப்பிட்டான். கடைவீதியில் ஆள் நுழைய முடியாத ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து கடிகாரம் பழுதுபார்க்கும் தத்தாரியன். பிபிநூரின் முப்பத்தொன்றுக்கும் அவன்தான் வைத்தியன். அவளை மரியாதையாகக் கானும், அதாவது அம்மணி, என்றுதான் கூப்பிடுவான்.

"கானும், உட்கார்ந்திருக்கீங்களா நின்னுட்டிருக்கீங்களா?"

"நின்னுட்டிருக்கேன். ஏன்?"

"உட்காருங்க. இன்னிக்கு ஒரு அம்மாவும் பொண்ணும் வந்தாங்க, கடிகாரம் நின்னுபோச்சுன்னு. அந்தம்மா பர்ஸைத் திறந்தாங்க. உள்ள கைக்குட்டையில சுத்தி… ரெண்டு விரலு, கானும். முகப்புல பொன்முலாம், நடுவுல ரத்தச் சிவப்புக் கல்லு. நம்ம நாட்டு மேற்குப் பக்கத்து வேலைப்பாடு."

"போலியா இருக்கும்."

"லென்ஸைக் கண்ணுல இடுக்கிப் பார்த்துட்டுத்தான் பேசறேன். வளையத்தோட உள்பக்கம் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கு. மூணு தலைமுறை விரல் தேய்ச்சாத்தான் அப்படி இருக்கும்."

பிபிநூர் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

முகவரி கிடைத்தது. மோதிரக்காரியின் பெயர் குல்பாஷ். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊதல் இல்லாமலே ஊதல் போலப் பேசுவாள். தேநீர் கொடுத்தாள், பொரித்த மாவுருண்டை கொடுத்தாள், மோதிரத்தையும் எடுத்துக் காட்டினாள். விலை என்றதும் மோதிரம் கைக்குட்டைக்குள் போய்விட்டது.

"இது விக்கிறதுக்கில்ல. என் பொண்ணைக் கட்டிக்கிறவனோட அம்மா கையில போடறதுக்கு. பொண்ணுக்கு முப்பத்திரண்டு ஆச்சு, நாய் பூனைக்கு ஊசி போட்டுட்டுத் திரியறா. அவ சம்மதிக்கிற அன்னிக்கு இந்த மோதிரம் வெளியே வரும்."

பிபிநூர் வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சேகரிப்பவர்களுக்குள் காசு செல்லாத இடத்தில் பண்டமாற்று செல்லும் என்பது அவளுக்குத் தெரியும். நான்காம் நாள், பதினோரு வருடமாக யார் கண்ணிலும் காட்டாத தன் முதல்தரத் தொங்கட்டான் ஜோடியைப் பஞ்சிலிருந்து எடுத்தாள். பிறைபிறையாக அடுக்கு, கடைசி அடுக்கில் ஏழு சங்கிலி, சங்கிலி நுனியில் மணி. கையுறையோடு பெட்டியில் வைத்து, பேருந்தில் மடியில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தவனைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே போனாள்.

இந்தத் தடவை பெண்ணும் வீட்டில் இருந்தாள். மென்சுலு. சட்டை முழுக்கப் பூனை முடி. பிபிநூர் வாசலில் தன் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் முகம் ஏனோ குப்பென்று சிவந்தது. பிபிநூர் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை.

"குல்பாஷ், இதைப் பாருங்க" என்று பெட்டியைத் திறந்தாள். "நூத்தம்பது வருஷமாவது இருக்கும். கொக்கியைப் பாருங்க, பத்த வைக்கல, ஒரே கம்பியை வளைச்சது."

குல்பாஷ் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "அழகாத்தான் இருக்கு. ஆனா பெட்டியில கிடக்கிற தொங்கட்டானைப் பார்த்து என்ன தெரியும்?"

இது நியாயமான கேள்வி. மோதிரம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த பரபரப்பில் பிபிநூருக்குத் தலைகால் புரியவில்லை. எதிரே ஒரு காது, இல்லை, இரண்டு காது இருந்தது. "இப்படித் திரும்பும்மா" என்றாள். மென்சுலு தலையைக் குனிந்து கொடுத்தாள். பிபிநூர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வலதுகாதில் ஒன்று, இடதுகாதில் ஒன்று மாட்டினாள்.

"பார்த்தீங்களா, இந்த அடுக்கு எப்படி…"

"ஒய்பாய்!"

குல்பாஷின் அலறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"உங்களுக்குப் பையன் இருக்கானா?" என்று கேட்டாள் குல்பாஷ்.

"இருக்கான். ஒருத்தன். ஏன்?"

"கல்யாணம்?"

"ஆகல…" என்று சொல்லும்போதே பிபிநூருக்குத் தான் செய்தது என்னவென்று உறைத்தது. கல்யாணமாகாத பையனின் தாய் ஒரு பெண்ணின் காதில் தன் கையால் காதணி போட்டால் அது நிச்சயதார்த்தம். இதற்கு மேல் தாம்பூலம், பத்திரம் எதுவும் வேண்டாம். எத்தனை நிச்சயதார்த்தத்தில் போட்ட காதணிகளை வாங்கியிருக்கிறாள், எந்த ஊர் வழக்கத்தில் எந்த வடிவம் என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறாள்! அந்தக் கைதான் இப்போது போட்டிருக்கிறது.

குல்பாஷ் இடுப்பில் கைவைத்து நின்றாள். "நேராக் கேட்கிறேன். இது நிச்சயமா, இல்ல, வெறும் வேடிக்கை காட்டினீங்களா?"

பண்டமாற்று என்று சொல்லிவிட்டுத் தொங்கட்டானைக் கழற்றிப் பெட்டியில் போட்டு ஓடிவிடலாம். மோதிரம் போகும், மானமும் போகும், உடைமை மிஞ்சும். பிபிநூர் வாயைத் திறந்தாள். அந்த நேரம் மென்சுலு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். பதினான்கு சங்கிலிகளும் ஒரே நேரத்தில் ஆடின. மணிகள் ஒன்றோடொன்று மோதிச் சிரித்தன. பதினோரு வருடத்தில் பிபிநூர் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. பஞ்சில் கிடக்கிற நகைக்குச் சத்தம் ஏது?

"நிச்சயம்தான்" என்றாள், தன் குரலைத் தானே நம்பாமல்.

மாடிப்படியில் இறங்கும்போதே மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "சயான், கோவிச்சுக்காதே. உனக்கு நிச்சயம் பண்ணிட்டேன்."

"என்னது? யாரோட?"

"மென்சுலுன்னு ஒரு பொண்ணு. மிருக வைத்தியர். நல்ல காது."

மறுமுனையில் ஒரு சிரிப்பு கிளம்பியது; நிற்கவே இல்லை. "அபா, நாங்க ரெண்டு பேரும் ஒன்றரை வருஷமாப் பழகறோம். நான்தான் அவங்களை ரிஃப்கத்கிட்ட அனுப்பினேன், கடிகாரத்துக்கு."

"அடப்பாவி! என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அவங்க வீட்டுல அந்த மோதிரம் இருக்குன்னு எனக்குத் தெரியும். சொன்னா நீ பொண்ணைப் பார்ப்பியா, மோதிரத்தைப் பார்ப்பியா? சரி, இப்பவாவது அவளைப் பார்த்துத்தானே போட்டே?"

"அவளைத்தான்டா" என்றாள் பிபிநூர். சொன்ன பிறகு, அது முழு உண்மையில்லை என்பது அவளுக்கே குத்தியது.

மூன்று வாரம் கழித்துக் குல்பாஷ் வீட்டில் சம்பந்தி விருந்து. மேசை முழுக்கக் கறி, பழம், தட்டுக்குத் தட்டு மாவுருண்டை. மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் தயிர் பூசுவது பெண் வீட்டுப் பெண்களின் உரிமை. பிபிநூருக்கு மூக்கு முதல் காது வரை பூசியாகிவிட்டது. குல்பாஷ் கைக்குட்டையைப் பிரித்தாள். மோதிரம் வெளியே வந்தது. பிபிநூர் வலது கையின் இரண்டு விரலை நீட்டினாள்.

அப்போதுதான் இரண்டு கோப்பை உள்ளே போன ரிஃப்கத் எழுந்து நின்றான். "கானும், நீங்க கெட்டிக்காரி! தொங்கட்டானைக் குடுத்து மோதிரத்தை மாத்திக்கிறேன்னு போனீங்க. கடைசியில மோதிரத்தோட மருமகளும் சேர்ந்து வர்றா!"

சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். சயானின் முகம் சுருங்கியது. மோதிரம் விரல் நுனிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"மாத்திக்கிறதுக்கா வந்தீங்க?" என்றாள் குல்பாஷ்.

தயிர் வழியும் முகத்தோடு பொய் சொல்வது எளிதல்ல. "ஆமா" என்றாள் பிபிநூர். "மோதிரத்துக்காகத்தான் வந்தேன். உங்க பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. காதுல போட்டது அழகு காட்ட. ஆனா அது ஆடினதைப் பார்த்ததுக்கு அப்புறம் திரும்ப எடுத்துப் பெட்டியில போட எனக்கு மனசு வரல. மோதிரம் வேண்டாம் குல்பாஷ். கோபம் தீரலைன்னா வச்சுக்குங்க. தொங்கட்டான் அவ காதுலயே இருக்கட்டும்."

கடைசி மூன்று வாக்கியம் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே திகைத்தாள்.

முதலில் சிரித்தது மென்சுலு. "அம்மா, எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான். நிச்சயத்துக்கு வர்ற மாமியார் யாராவது கொக்கியைப் பத்த வச்சாங்களா வளைச்சாங்களான்னு பேசுவாங்களா? நான் வேணும்னுதான் தலையைக் குனிஞ்சேன். இவன் ஒன்றரை வருஷமா அவங்க அம்மாகிட்ட வாயைத் திறக்கல, நான் இன்னும் எத்தனை நாள் காத்திருக்கறது?"

"நீயுமா திருடி?" என்றாள் குல்பாஷ். பிறகு பிபிநூரை மேலும் கீழும் பார்த்தாள். "பொய் சொல்லத் தெரியாத சம்பந்தி. என் தலையெழுத்து."

நடுவிலிருந்த தட்டில், ஈரலும் ஆட்டுவால் கொழுப்பும் கலந்து தயாராக இருந்தது. அதைச் சம்பந்திகள் தின்றுவிட்டால் பிறகு இரு பக்கமும் பின்வாங்க முடியாது. குல்பாஷ் ஒரு கைப்பிடி அள்ளினாள். பந்தெறிந்து பழகிய கை. ஒரே தள்ளில் பிபிநூரின் வாய் நிறைந்தது. மறு கையால் மோதிரத்தை இரண்டு விரலிலும் ஏற்றி, கணுவில் சிக்கியதும் வெண்ணெய் தடவி ஒரு முறுக்கு முறுக்கினாள். பக்கத்து வீட்டுக்காரி கூரையை நோக்கி மிட்டாயை வாரி இறைத்தாள். குழந்தைகள் மேசைக்கடியில் பாய்ந்தன.

பிபிநூர் விரல்களை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தாள். சிவப்புக் கல்லைச் சுற்றி மணிமணியாக ஓடிய விளிம்பு, ரிஃப்கத் சொன்னதைவிடப் பழையது. குறைந்தது இருபது வருடம் கூடுதல். இதை உடனே எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். கையை ஆட்டினாள், கண்ணை உருட்டினாள்.

"முதல்ல முழுங்குங்க சம்பந்தி!" என்று ஊதினாள் குல்பாஷ்.