ஏரிக்கரையில் மரக்கறிச் சாப்பாடு

போர் முடிந்த அந்த மே மாத லோங் வீக்கெண்டில் நாங்கள் காம்பிங் போனோம். இதைச் சொன்னால் சனம் என்னை ஒரு மாதிரிப் பார்க்கும். பார்க்கட்டும். ஒஷாவாவையும் தாண்டிக் கிழக்கே, ஏரிக்கரையில் ஒரு பெரிய பார்க். மகளுக்குக் கொடுத்த வாக்கு அது. குளிர்காலத்திலேயே இடம் பதிந்து வைத்திருந்தோம். பதிந்தபோது வன்னியிலிருந்து என் தம்பியின் அழைப்பு அவ்வப்போது வந்துகொண்டிருந்தது.

எனக்கு அவன் ஒரே தம்பி. லொறி ஓட்டுகிறவன், கல்யாணம் கட்டவில்லை. சனம் இடம்பெயர இடம்பெயர, சாமான்களை ஏற்றிக்கொண்டு அவனும் கூடவே போனான். கடைசியில் டீசல் முடிந்து, லொறியை விட்டுவிட்டு, கடற்கரைக்கே போய்விட்டான். யாரிடமோ கெஞ்சி வாங்கிய போனில் ஏப்ரல் தொடக்கத்தில் எனக்குக் கோல் எடுத்தான்.

“அக்கா, இண்டைக்கு என்ன கறி?”

“பருப்பு” என்றேன்.

“சும்மா புளுகாதை. உனக்கு மச்சம் இல்லாட்டிச் சோறு இறங்காதே!”

மீனோ இறைச்சியோ, எங்கள் ஆட்களுக்கு எல்லாமே மச்சம்தான். அவன் சிரித்தது கேட்டது. பிறகு ஒரு இரைச்சல், அதோடு சரி. அதற்குப் பிறகு அழைப்பு இல்லை.

அதிலிருந்து போனை நான் கையைவிட்டு வைக்கவில்லை. குளிக்கப் போனால் மகளிடம் கொடுத்துவிட்டுப் போவேன். “நீளமான நம்பர் வந்தா உடன எடு, மாமாவா இருக்கும்” என்று சொல்லி வைத்திருந்தேன். போரை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் பதாகை பிடித்து நிற்கும்போதும் மற்றக் கையில் போன். வீட்டுக்கு வந்தால் ரீவி. நான் அழவில்லை. என் வீட்டுக்காரருக்கு அதுதான் பயம். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியாது.

அந்தக் கிழமை, வியாழக்கிழமை, இவர் வேலையால் வந்ததும் வராததுமாக நேரே போய்த் தலை முழுகினார். வேலைநாளில் அந்த மனிசன் தலை முழுகுவதே இல்லை. ஈரத் தலையோடு வந்து மேசையில் இருந்தார். மீன் பொரித்திருந்தேன். தொடவில்லை.

“வயித்துக்குள்ள சரியில்லை” என்றார். சோற்றில் தயிரை விட்டுப் பிசைந்துகொண்டு என் சாப்பாட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டு முடித்தேன். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, எப்படியும் மரக்கறிதான்.

சனி காலை, “வெளிக்கிடும், காம்பிங் போவம்” என்றார்.

“உங்களுக்கென்ன விசரே? அங்க சனம் செத்துக்கொண்டிருக்குது, நீங்கள் ரென்ற் அடிக்கப் போறியளோ?”

“ரீவிக்கு முன்னால இருந்தா மட்டும் என்ன நடக்கப் போகுது? பிள்ளையும் பாவம். அக்காவும் வாறா.”

நான் குரலை உயர்த்தினால் அடங்கிப் போகிற மனிசன் இவர். அன்றைக்கு அடங்கவில்லை. அக்கா என்றது என் மச்சாளை. அஜின்கோர்ட்டில் இருக்கிறா. முந்தின வருசங்களில் பகலுக்கு மட்டும் வந்து சமைத்துப் போட்டுவிட்டு, “நிலத்தில படுத்தா எனக்கு நாரி பிடிக்கும்” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பொழுதுபட முன்னம் வீட்டுக்கு ஓடிவிடுகிறவ. இந்த முறை இரண்டு நாளும் நிற்கப் போகிறாவாம். மற்ற நேரம் என்றால் ஏன் என்று ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். போய்க் காரில் ஏறினேன்.

பார்க்கில் நல்ல குளிர். வெள்ளைக்காரர் அந்தக் குளிரிலும் அரைக் காற்சட்டையோடு திரிந்தார்கள். புல்லெல்லாம் வாத்து எச்சம். இவரும் மச்சாளின் மனிசனும் ரென்றின் கம்பிகளை மாறிக் கோத்துவிட்டு, யார் மாறிக் கோத்தது என்று சண்டை பிடித்தார்கள். மச்சாளின் மனிசனை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவது. மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டாள்.

எங்கள் ஆட்களின் காம்பிங் உங்களுக்குத் தெரியும்தானே. வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போவது. சோற்றுப் பானை, இடியப்பத் தட்டு, பாய், தேத்தண்ணிப் போத்தல். எல்லாவற்றுக்கும் மேலே மச்சாளின் நீலக் கூலர். தயிரும் மிளகாய்த்தூளும் பிரட்டி ஊறவைத்த கோழிக்கால்கள் அதன் வாய்வரை இருக்கும். அடியில் ஆட்டிறைச்சி. நெருப்பில் போட்டால் அந்தப் பக்கத்து நாயெல்லாம் எங்கள் ரென்றைச் சுற்றித்தான் நிற்கும்.

கூலரைத் திறந்தேன். கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பயித்தங்காய், சோளம், ஒரு வாளி தயிர்.

“மச்சாள், கோழி எங்கை?”

“நேத்தி, பிள்ளை.”

“என்ன நேத்தி?”

“நாட்டில சனம் தப்ப வேணும் எண்டு வைச்சனான்.”

“அண்ணைக்குமோ?”

“ஓம் ஓம், எல்லாருக்கும்தான்.”

கலியாண வீட்டில் மற்றவன் கோப்பையில் கிடக்கிற எலும்பையும் கேட்டு வாங்கிச் சப்புகிற அண்ணை, திரும்பி நின்று, ஏற்கெனவே இறுகியிருந்த முளையை இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். சோழியன் குடுமி சும்மா ஆடாது. அன்றைக்கு எனக்கு அதுகூட ஓடவில்லை. நேர்த்திக்கடன் என்றால் நேர்த்திக்கடன். உட்கார்ந்து பயித்தங்காய் முறித்தேன்.

ஞாயிறு காலை போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடிப் போனேன். ரென்றடியில் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. படகு இறக்குகிற சரிவுக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு கோடு வந்தது. அங்கேயே நின்றேன். இந்த ஏரியை நாங்கள் கடல் என்றுதான் சொல்வது. மறுகரை தெரியாது, அலை அடிக்கும், மணலும் இருக்கும். உப்பு மட்டும்தான் இல்லை. தம்பி நிற்பதும் ஒரு கடற்கரையில்தான் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்தால் ஏதாவது நடக்கும், நெஞ்சு அடைக்கும் என்று பார்த்தால், ஒன்றும் நடக்கவில்லை.

இவர் தேத்தண்ணியோடு பின்னால் வந்தார்.

“இஞ்சேரும், கை விறைக்கப் போகுது. அதை உள்ள வையும்.”

“அவன் எடுத்தா?”

இவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். கட்டிய கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். பிறகு தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

நாங்கள் திரும்பி வர, அண்ணை காருக்குள் இருந்து எங்கள் தமிழ் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நிறுத்தினார்.

“என்னவாம் அண்ணை?”

“முடிஞ்சுதாம்.”

இவ்வளவு வருசமும் ஒரு நாள் முடியும் முடியும் என்று இருந்தது, கார்க் கதவுக்குள்ளால் வந்த ஒரு சொல்லோடு முடிந்தது. மச்சாள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. பக்கத்து இடத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கால் மட்டும் கொஞ்சம் குளிர்ந்தது.

“சனம் வெளியில வந்திட்டுதாமோ?”

“கொஞ்சச் சனம் வந்திட்டுதாம்” என்றார் அண்ணை.

“அப்ப அவனும் வந்திருப்பான். ஆமிக்காரங்கள் காம்பில போட்டிருப்பாங்கள். அதுதான் எடுக்கேலாமல் இருக்கு.”

மச்சாளின் கத்தி நின்றது. “ஓம் பிள்ளை” என்றா. பிறகு திரும்பவும் வெட்டத் தொடங்கினா.

எனக்கு அது போதுமாக இருந்தது. நானே சொல்லி, நானே கேட்டு, நானே நம்பினேன். நாளைக்கோ நாளையிண்டைக்கோ காம்பிலிருந்து எடுப்பான். எடுத்ததும் என்ன கறி என்றுதான் கேட்பான், வேறு என்ன கேட்கப் போகிறான் அந்தக் கள்ளன். இத்தனை கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

மத்தியானம் பக்கத்து இடத்துக் கிழவி ஒரு தட்டோடு வந்தா. தலை வெள்ளைவெளேரென்று, நல்ல சிரிப்பு. தன் மனிசன் அளவு தெரியாமல் கூடச் சுட்டுவிட்டாராம், தயவுசெய்து உதவி செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி நீட்டினா. பாணுக்குள் வைத்த சொசேஜ், மேலே மஞ்சள் கடுகு.

“தாங்க் காட்! ஐ ஆம் ஸோ டன் வித் கத்தரிக்காய்” என்று மகள் ஒன்றைப் பறித்துக்கொண்டு ஊஞ்சல் பக்கம் ஓடினாள். மச்சாள் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினா.

நானும் ஒன்றை எடுத்தேன். தம்பி எடுத்தால் சொல்லக் கதை ஒன்று கிடைத்துவிட்டது. நீ சொன்னது சரியடா, இரண்டு நாள் மரக்கறிக்கே எனக்குக் கண் இருட்டி, வெள்ளைக்காரியிடம் வாங்கித் தின்றேன். அவன் சிரிக்கப் போகிற சிரிப்புக்கூட எனக்குக் கேட்டது. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

மச்சாள் கதிரையைத் தட்டிவிட்டு எழும்பிப் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தா.

“வேண்டாம் பிள்ளை! எட்டு முடியேல்லை.”

செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கிற படையலைத்தான் எட்டு என்பது. அது முடியும்வரை உரித்துக்காரர் மச்சம் தொடக் கூடாது. எங்கள் ஆட்களில் ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மச்சாள் மற்றக் கையால் தன் வாயைப் பொத்தினா. சொல் வெளியே வந்துவிட்டது.

“ஆருக்கு எட்டு?” என்றேன். கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டேன்.

இவர் வந்து என் முன்னால் குந்தினார். “அவனோட நிண்ட பெடியன் ஒருத்தன் வெளியில வந்து எனக்கு எடுத்தவன். புதன்கிழமை ஷெல்லாம். கடற்கரையிலயே கிடங்கு வெட்டித் தாட்டவையாம்.”

“வியாழக்கிழமையே தெரியுமோ?”

“ஓம்.”

வியாழக்கிழமை. ஈரத் தலை, தயிர்ச் சோறு, என் கோப்பையில் மீன்.

“ஒரு ரெண்டு நாள் உமக்குக் காத்துப் படட்டும், நாளைக்குப் பின்னேரம் ஆறுதலாச் சொல்லுவம் எண்டு அக்கா சொன்னவ” என்றார். அழுதார். அந்த மனிசன் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

செத்த செய்தியை மூன்று நாள் ஒளித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். ஆனால் என் சோற்றில் ஒரு கோழிக்காலை வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. எனக்கு வாய் நீளம், கோபம் வந்தால் ஊரையே கூட்டிவிடுவேன். கத்தியிருக்க வேண்டும். வரவில்லை. பாவம், இந்த வயதில் நாரியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் படுத்த மச்சாளைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. என் தம்பி செத்ததற்கு எனக்கு அழுகை வரவில்லை. அது வெட்கமாகவும் இருந்தது.

கிழவி இன்னும் தட்டோடு நின்றா. ஏதோ பிழை நடந்துவிட்டது என்று அவவுக்கு விளங்கியது. “பன்றி இல்லை, கோழிதான்” என்று ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னா. அண்ணை எழும்பி, “ஷீ இஸ் வெஜிற்றேரியன் ருடே” என்றார். நான் பாணைத் தட்டில் மெதுவாகத் திருப்பி வைத்து, நல்ல மணம், நன்றி என்றேன். அவ என் தோளைத் தொட்டுவிட்டுப் போனா.

செத்தவீட்டுச் செய்தி காதில் விழுந்தால் தலை முழுக வேண்டும். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, கால் தன்பாட்டில் ஏரிப் பக்கம் நடந்தது. இவர் பின்னால் ஓடி வந்தார்.

“அது ஐஸ் தண்ணியப்பா! வோஷ்ரூமில சுடுதண்ணி வருது.”

“விடடா அவளை” என்றா மச்சாள். சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, தானும் வந்து என் கையைப் பிடித்தா.

தண்ணீர் கணுக்காலில் பட்டது. குளிர் எனக்கு ஏறவில்லை, பட்டது பார்த்துத்தான் தெரிந்தது. தெற்கிலிருந்து சோளகக் காற்று அலையைக் கொஞ்சம் பெரிதாகத் தள்ளிக்கொண்டிருந்தது. முழங்கால்வரை போன பிறகுதான் ஜக்கெற் பையில் போன் இருப்பது நினைவு வந்து நின்றேன். ஊஞ்சலில் இருந்த மகள் எங்களைக் கண்டுவிட்டு, வாயில் கடுகோடு கரைக்கு ஓடி வந்தாள்.

“அம்மா! வாட் ஆர் யூ டூயிங்? இட்ஸ் ஃப்ரீசிங்!”

திரும்பி வந்து, ஒவ்வொரு நாளும் குளிக்கப் போகும்போது கொடுக்கிற மாதிரி, போனை அவளிடம் நீட்டினேன். அவளும் ஒவ்வொரு நாளும் வாங்குகிற மாதிரி வாங்கினாள். கடுகுக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மாமா எடுத்தா?”

மச்சாள் என் கையை இறுக்கினா.

“அம்மா முழுகிறா, பிறகு எடுக்கச் சொல்லு” என்றேன்.