பணியாரம் சுட்ட பிள்ளைக்குக் கொடுத்த குருத்தோலை

1. சத்தி எடுக்கிற பெடியனுக்கு வலை

வள்ளம் கொஞ்சம் ஆடினாலே சத்தி எடுக்கிற பெடியனுக்கு எங்கள் கொமிற்றி வலை கொடுத்தது. புங்குடுதீவில் கிராம அபிவிருத்தி அலுவலராகச் சேர்ந்து நான் பார்த்த முதல் விநியோகம் அது. பெடியனின் பெயர் அன்ரன். வலையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் படம் எடுக்க வந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

இப்போது பிள்ளைகளுக்குச் சிறுதொழில் பழக்குவது பற்றி ஊர் ஊராகக் கருத்தரங்கு வைக்கிறார்கள். விருப்பத்தைப் பாருங்கள், திறமையைப் பாருங்கள் என்று சுவரில் படம் காட்டிச் சொல்கிறார்கள். அதில் பேச வருகிற இளம் பிள்ளைகள் என்னிடமும் வந்து அனுபவம் கேட்கிறார்கள். கேட்டால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு தெற்கில் கடை வைத்திருந்த எங்கள் தீவு ஆட்கள் எரிந்தது போக மிச்சத்தோடு ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். அடுத்த வருடம் வெளிநாட்டுத் தேவாலயம் ஒன்று உதவி அனுப்பியது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகள் வீட்டோடு செய்யக்கூடிய சின்ன வியாபாரத்துக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் புறொஜெக்ற் அது. பிள்ளையின் விருப்பத்தையும் திறமையையும் பார்த்தே கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. வீடு வீடாகப் போய்க் கேட்பது என் வேலை. முடிவு எடுப்பது ஊர்க் கொமிற்றி.

கொமிற்றித் தலைவர் சின்னத்துரை முதலாளி. தெற்கில் ஒரு பட்டினத்தில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடை எரிந்து, உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து இறங்கியவர். புறொஜெக்ற் காசில் ஒரு சதம் தொடாத மனிசன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவருடைய ஆட்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

நான் சைக்கிளில் திரிந்து பிள்ளைகளிடம் கேட்டேன். அன்ரன் கோயில் சுவரில் கரிக்கட்டியால் எழுத்து எழுதிப் பேச்சு வாங்குகிற பெடியன். அந்த எழுத்தைப் பார்த்தால் அச்சில் போட்டது மாதிரி இருக்கும். அவனுக்குப் பெயின்ரும் தூரிகையும் கொடுத்தால் கரையில் நிற்கிற வள்ளம் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியே பிழைத்துக்கொள்வான். தெற்கிலிருந்து திரும்பிய ஒரு வியாபாரியின் மகன் ரவி. தகப்பனின் கடை எரிந்ததைக் கண்ணால் பார்த்த பிள்ளை. கடை என்றால் வாசலோடு நின்றுவிடுவான். ஆனால் கோழி என்றால் உயிர். எந்தப் பேட்டுக்கு என்ன நோய் என்று தூங்குகிற முழியை வைத்தே சொல்வான்.

இதை எல்லாம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்ரனின் தகப்பன் மீன்பிடிக்கிறவர் என்பதால் அவனுக்கு வலை வந்தது. ரவியின் தகப்பன் கடைக்காரர் என்பதால் அவனுக்குப் பெட்டிக்கடை வந்தது. கொல்லனின் மகனுக்குச் சுத்தியல், தையல்காரனின் மகளுக்கு மெசின். விசர் பிடித்துப் போய்த் தலைவரிடம் கேட்டேன்.

"தகப்பன்ரை தொழில்தானே பிள்ளையின்ரை திறமை," என்றார் முதலாளி. "ரத்தத்திலை இருக்கிறதை விட்டிட்டு வேறை எங்கை போய்த் தேடுறது?"

பகிடிக்குச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். கொமிற்றியில் இருந்த எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். திறமை என்ற சொல்லைக் கொடுத்தால் எங்கள் ஊர் அதைச் சாதி என்று வாசிக்கும் என்பதை அந்த வெளிநாட்டுக்காரர் எங்கே கண்டார்கள்?

2. தவமலர்

தவமலரின் தகப்பன் பனையில் கள்ளுச் சீவுகிறவர். பனையால் விழுந்து இடுப்பு முறிந்து பாயில் கிடந்தார். தாய் பாக்கியம் கூலிக்கு வெங்காயம் கிண்டப் போய்வந்தார். பிள்ளைக்குப் பதினான்கு வயது. அந்த வருடப் பனங்காய்க் காலம் முடிய அவளைக் கொழும்பில் ஏதாவது ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பத் தாய் முடிவு செய்திருந்தார். அனுப்பினால் படிப்பும் போயிற்று, பிள்ளையும் போயிற்று. தாயோடு எனக்கு இரண்டு மூன்று முறை வாய்த்தர்க்கம் நடந்தது. அவர் என்ன செய்வார்? வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

நான் போன அன்று தவமலர் பனங்காய்ப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். பனங்களியில் ஒரு கைச்சல் இருக்கும். களியைக் காய்ச்சுகிற பக்குவம் பிழைத்தால் அது போகாது. என் தாயின் பணியாரத்தில்கூட அது கொஞ்சம் நிற்கும். இவளுடையதில் அது துப்புரவாக இல்லை. நான் ஒன்று கேட்டு வாங்கித் தின்றேன், பிறகு கேட்காமலே எடுத்துத் தின்றேன். பாக்கியம் கதவடியில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் முதலாளியின் சாதிதான். எங்கள் ஆட்கள் அந்த வீட்டில் சமைத்ததைத் தின்று அவர் கண்டதில்லை.

என்ன செய்ய விருப்பம் என்று பிள்ளையைக் கேட்டேன். யோசித்து வைத்திருந்தவள் மாதிரி உடனே சொன்னாள். குறிகட்டுவான் துறையில் வெள்ளிக்கிழமைகளில் நயினாதீவு அம்மனிடம் போகிற சனம் படகுக்கு வெயிலில் காத்துக்கொண்டு நிற்கும். அங்கே சாப்பிட ஒன்றும் இல்லை. படகு வருகிற பக்கம் காற்று அடிக்கும், அடுப்பு நூரும், ஆகையால் வீட்டில் சுட்டு ஓலைப்பெட்டியில் கொண்டுபோக வேண்டும். போகிற சனத்துக்கு விற்கக்கூடாது, விரதமாக இருப்பார்கள். கும்பிட்டுத் திரும்பி வருகிற சனத்துக்குத்தான் பசி.

"எனக்குப் பணியாரம் பொரிக்க ஒரு பெரிய தாச்சியும் மண்ணெண்ணெய்க் குக்கரும் தந்தாக் காணும் மிஸ்," என்றாள். "ஓலை பின்னச் சொல்லிப் போடாதேங்கோ. எனக்கு அது கையிலை வராது."

3. கள்ளும் பணியாரமும்

அடுத்த விநியோகத்துக்கு வாசிகசாலையில் கூட்டம் நடந்தது. பிள்ளைகளின் தாய் தகப்பனையும் கூப்பிட்டிருந்தோம். பாக்கியம் உள்ளே வந்தும் கதிரையில் இருக்கவில்லை. இருக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவும் இல்லை. நான் கேட்டேன், அவர் கேளாதவர் மாதிரி நின்றார்.

தவமலரின் முறை வந்ததும் தலைவர் குருத்தோலையும் பின்னுகிற சாமானும் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். நான் நிற்பாட்டினேன். பணியாரக் கதையை முழுக்கச் சொன்னேன். சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. கோயிலுக்குப் போய்வருகிற சனத்துக்கு அந்த வீட்டுச் சாப்பாட்டை விற்கிறதா என்று ஒருவர் கேட்டார். பச்சைத் தேங்காய் விற்கட்டும், பழம் விற்கட்டும், அடுப்பில் வைத்ததை விற்கக்கூடாது என்று இன்னொருவர் பெரிய மனது வைத்துச் சொன்னார்.

அப்போதுதான் பாக்கியம் வாய் திறந்தார். சத்தமே போடவில்லை.

"முதலாளி, இவளின்ரை அப்பர் இறக்கின கள்ளை எங்கடை வளவுக்கு வந்துதானே குடிச்சனீங்கள். ஆரின்ரை கை பட்டது எண்டு ஒருநாளும் கேட்டதில்லையே."

ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். முதலாளியின் முகம் கறுத்துப்போயிற்று. ஆனால் வியாபாரி அல்லவா, பதில் கைவசம் இருந்தது.

"எடி பாக்கியம், கள்ளு மரத்திலை இருந்து வாறது. பணியாரம் குசினியிலை இருந்து வாறது. ரண்டும் ஒண்டோ?"

படித்த சனம் இருந்த கூட்டம் அது. ஆசிரியர் இருந்தார், தபாலதிபர் இருந்தார். இந்த நியாயத்தையும் கேட்டு ஓம் என்று தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, எழும்பிவிட்டேன்.

"ஐயா, உங்கடை கடையை எரிச்சவங்கள் நீங்கள் நல்லவரோ கெட்டவரோ எண்டு பாத்தோ எரிச்சவங்கள்? ஆரின்ரை வயித்திலை பிறந்தனீங்கள் எண்டு பாத்துத்தானே எரிச்சவங்கள்?"

அதுவும் இதுவும் ஒன்றாகுமா, படித்த பிள்ளை வாயை அடக்கிக் கதைக்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். கூட்டம் கலைந்தது. தவமலருக்குக் குருத்தோலைக் கட்டு ஒன்று கொடுத்தார்கள். படமும் எடுத்தார்கள். அவளுக்கு இன்னும் பின்னத் தெரியாதென்றபடியால், யாரோ பின்னிய பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். அந்தப் படம் வெளிநாட்டுக்குப் போன றிப்போட்டின் முகப்பில் வந்தது.

4. குறிகட்டுவான் துறை

கொமிற்றி தராவிட்டால் நான் தருகிறேன் என்று என் தாச்சியையும் குக்கரையும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இறுப்பிட்டியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி இதை அறிந்து என்னோடு கதைப்பதை நிறுத்தினார். எனக்கு அது நல்ல நிம்மதியாகவும் இருந்தது.

முதல் வெள்ளி தவமலர் சொன்னபடியே நடந்தது. கும்பிட்டுத் திரும்பிய சனம் பெட்டியைச் சுற்றி நின்றது. சுன்னாகத்துச் சனம், வவுனியாச் சனம், ஆர் ஆர் என்று இல்லை. ஒன்று தின்றவர்கள் வீட்டுக்கும் கட்டித் தரச் சொன்னார்கள். அவள் சிரித்துச் சிரித்து ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடப் போட்டாள். வாங்காமல் போகிற கிழவியையும் ஆச்சி என்று கூப்பிட்டு நிற்பாட்டுவாள். பிள்ளைக்குச் சமையல் மட்டும் இல்லை, வியாபாரமும் வரும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அடுத்து வந்த வெள்ளிகளிலும் பெட்டி வெறுமையாகத்தான் திரும்பியது. பாக்கியம் கொழும்புக் கதையை எடுப்பதை விட்டார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கொமிற்றியில் இருக்கிற இரண்டு பேர் துறையில் வந்து நின்றார்கள். அவர்கள் பெட்டியைத் தட்டவில்லை, பிள்ளையை ஏசவும் இல்லை. படகால் இறங்கின சனத்திடம், இது இன்னாருடைய மகள், தெரிந்துதான் வாங்குகிறீர்களோ என்று மரியாதையாகக் கேட்டார்கள். அவ்வளவுதான். எங்கள் பக்கத்துச் சனத்துக்கு அது போதும். கையில் வைத்திருந்த ஒரு மனிசி, பாதி கடித்த பணியாரத்தைத் தவமலருக்கு முன்னாலேயே நாய்க்குப் போட்டுவிட்டு வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் தேடிப் போனார். அந்த மனிசியின் சேலைக் கரை என்ன நிறம் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

தவமலர் அழவில்லை. பெட்டியை மூடித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். அடுத்த வெள்ளியும் அந்த இருவரும் வந்தார்கள். அதற்கு அடுத்த வெள்ளி அவள் வரவில்லை.

முதலாளியிடம் போய் என் வாயில் வந்ததை எல்லாம் ஏசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சனத்துக்குச் சொல்ல வேண்டியதைத்தான் சொல்லுவித்தேன், அந்தக் குடும்பத்தைக் கைவிட மாட்டேன், வெள்ளவத்தையில் இருக்கிற மகள் வீட்டுக்கு ஒரு பிள்ளை தேவை, தாயோடு கதைத்து முடித்துவிட்டேன் என்றார். மாதச் சம்பளம், உடுப்பு, சாப்பாடு எல்லாம் உண்டு என்றும் சொன்னார். ஏதோ வரம் கொடுத்தவர் மாதிரி இருந்தது அவருடைய முகம். தவமலர் போய்விட்டாள்.

5. வெள்ளவத்தை

அடுத்த வருடம் என்னை ஒரு ரெயினிங்குக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பாக்கியம் ஒரு சின்னப் பொதி கட்டித் தந்தார், மகளிடம் கொடுக்கச் சொல்லி. ஆகையால் நான் முதலாளியின் மகள் வீட்டுக்குப் போனேன். கண் வைத்தியத்துக்கு வந்து முதலாளியும் அங்கே நின்றார். மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

தவமலர் குசினிக்குள்ளிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். என்னைக் கண்டும் காணாதவள் மாதிரிப் போனாள். தட்டில் பனங்காய்ப் பணியாரம். ஊரிலிருந்து பனங்காய் எடுப்பித்து அவளைக் கொண்டு சுடுவிக்கிறார்கள். முதலாளி ஒன்றை எடுத்து வாயில் போட்டார். இன்னொன்றையும் எடுத்தார்.

"ஐயா, உது தவமலர் சுட்டது," என்றேன்.

"தெரியும் பிள்ளை," என்றார். "மூண்டு நேரமும் அவள்தானே சமைக்கிறாள். இஞ்சை ஆர் பாக்கிறது?"

வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. கள்ளமாகவும் சொல்லவில்லை. மழை வரும்போலக் கிடக்கு என்று சொல்வது மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டு, நீரும் எடும், நல்லாயிருக்கு என்று தட்டை என் பக்கம் தள்ளினார்.

கையைத் துடக்கு, தீட்டு என்று சொன்னதெல்லாம் பொய். அதே கை, அதே பணியாரம். வேலைக்காரியாக நின்று சுட்டால் தின்னலாம். கடைக்காரியாக நின்று விற்றால் நாய்க்குப் போட வேண்டும். அவர்கள் பயந்தது பிள்ளையின் கைக்கு இல்லை, அந்தக் கைக்குச் சொந்தமாக ஒரு பெட்டி வந்துவிடும் என்றுதான். நான் தட்டைத் தொடாமல் எழும்பினேன்.

தவமலர் படலைவரைக்கும் வந்தாள். பொதியை வாங்கிக்கொண்டாள். அம்மாவைச் சுகம் கேட்டாள்.

"உங்கடை தாச்சி அம்மாட்டைக் கிடக்கு மிஸ். கவனமாக் கழுவித்தான் வைச்சனான். எடுத்துப் போடுங்கோ," என்றாள்.

ஊருக்கு வந்து நான் அதை எடுக்கவில்லை. என்றைக்காவது அவள் திரும்பி வந்து கேட்பாள் என்று அங்கேயே விட்டேன். பிறகு சண்டை வந்து சனம் தீவை விட்டு ஓடியபோது, பாக்கியத்தின் குடும்பம் எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியவில்லை. விசாரித்தும் அறிய முடியவில்லை.

புறொஜெக்ற் நடத்தப் போகிற பிள்ளைகளே, விருப்பம் என்ன, திறமை என்ன என்று பிள்ளையைக் கேளுங்கள். அது சுகமான வேலை, அரைமணித்தியாலத்தில் பிள்ளையே சொல்லிவிடும். அதோடு படம் எடுத்து றிப்போட் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். இந்தப் பிள்ளை தன் கையால் செய்ததைத் தன் பெயரில் விற்றால் ஊரில் யாருக்குப் பொறுக்காது என்று தேடுங்கள். கண்டுபிடிப்பதும் கஷ்டம் இல்லை, மரியாதையாகத்தான் கதைப்பான், முன்வரிசைக் கதிரையில்தான் இருப்பான். அவனைத் தலைவராகப் போடாதீர்கள்.