பண்ணை வீட்டுக் கொல்லைக் கதவு

எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டை விலைக்கு வாங்கிப் பிரித்து, தஞ்சாவூரில் புதிதாகக் கட்டிய ஓவியக் கூடத்துக்குள் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். எதற்குமே வெளியே கிளம்பாதவள், "என்னைக் கூட்டிட்டுப் போடி" என்றாள்.

அம்மா அந்தப் பண்ணையில் நாற்று நட்டவள், சாணி அள்ளியவள். அக்கா அங்கே கன்றுக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டாள். நான் பிறப்பதற்கு முன்பே, ஒருநாள் காய்ச்சலோடு மாட்டுக்கொட்டகை வைக்கோலில் சுருண்டு படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அம்மா நடவு வயலிலிருந்து ஓடி வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. புதைத்த இடத்தை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஊரைவிட்டு வரும்வரை, அம்மா சாணி அள்ளப் போகும்போதெல்லாம் கொட்டகையின் அந்த மூலையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவாளாம். மகளோடு இருக்க அவளுக்கு வேறு இடம் ஏது? இப்போது ஊரில் அதுவும் இல்லை. பண்ணை இருந்த இடத்தில் மனைக்கட்டு போட்டுக் கல் நட்டாயிற்று.

ஓவியக் கூடம் முழுக்கப் பூச்சில்லாத கான்கிரீட். பலகை அடித்த தடம்கூட மறைக்கப்படவில்லை. அதுதான் அழகாம்.

"பாவம், பூச்சு வேலைக்குக் காசு பத்தல போலருக்கு" என்று அம்மா பரிதாபப்பட்டாள். பிறகு முன்வாசலை விட்டுவிட்டுக் கட்டடத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். பண்ணை வீட்டுக்கு அவள் ஒருநாளும் முன்வாசல் வழியாகப் போனதில்லை. பின்னால் ஜெனரேட்டர்தான் இருந்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன்.

உள்ளே பண்ணையாரின் கூடம். தேக்குத் தூண்கள், ஊஞ்சல், எல்லாவற்றின் மேலும் மஞ்சள் வெளிச்சம். எங்கள் சனம் காலெடுத்து வைக்க முடியாதிருந்த தரையில் நின்று யார் யாரோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. விறுவிறுவென்று கோடியிலிருந்த கொல்லைக் கதவுக்குப் போனாள்.

"இதாண்டி. இதைத் தாண்டுனா மாடு கட்டுற எடம்."

தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்தாள்.

"அது தொறக்காதுங்கம்மா. சும்மா பார்வைக்கு வச்சிருக்கு."

"அப்ப மாட்டுக்கொட்டாய்?"

"அதெல்லாம் எடுத்துட்டு வரலைங்கம்மா. பின்னால வெறும் செவுருதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். "வீட்டையே கொண்டாந்துட்டாங்கன்னியேடி."

எனக்கும், இதைக் கட்டியவர்களுக்கும் வீடு என்றால் கூடம். அவளுக்கு அது கொட்டகை. அவள் வயிற்றில் பிறந்த எனக்கே அது தோன்றவில்லை.

"வா, போலாம்" என்றேன். அவள் நகரவில்லை. ஆயுசு முழுக்க அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவள், இப்போது உள்ளே நின்றுகொண்டு, வெளியே போக முடியாமல், மரத்தில் நெற்றியை வைத்துச் சாய்ந்தாள். இடுக்கில் வாயை வைத்து மெல்லக் கூப்பிட்டாள்.

"ஆத்தா, அம்மா வந்துருக்கேன். கதவு தொறக்க மாட்டேங்குதுடி."